வென்ட்: கொழும்பில் தங்கிப்போன ஒரு ஜேர்மன் குடும்பப்பெயர்

மட்டக்குளியிலோ முகத்துவாரத்திலோ ஒரு பாடசாலையின் வரவு இடாப்பைத் திறந்தால் பர்னாந்து, பெரேரா, சில்வா, கொஸ்தா என்று பெயர்கள் அடுத்தடுத்து வரும். அவற்றைத் தாங்கியிருக்கும் பிள்ளைகளில் கணிசமானோருக்கு வீட்டு மொழி தமிழ். 1656இல் கொழும்பை இழந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவற்றுள் கோட்டை கொத்தளங்களை விட உறுதியாக நிலைத்தவை இந்தப் பெயர்கள்தான். சற்றுத் தள்ளிக் கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால், 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயத்தின் கல்லறைக் கற்களில் ஒல்லாந்தப் பெயர்களைப் படிக்கலாம்.

கொழும்பில் உள்ள ஜேர்மன் பெயர் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் பலரும் யோசிப்பார்கள். ஆனால் இந்த நகரத்தில் ஒரு நாடகத்துக்கோ ஓவியக் கண்காட்சிக்கோ ஒரு தடவை போனவர்கள் கூட அப்படியொரு பெயரை உச்சரித்திருப்பார்கள். கொழும்பு 7, கில்போர்ட் கிரசென்டில் இருக்கும் லயனல் வென்ட் அரங்கின் 'வென்ட்' ஒரு ஜேர்மன் குடும்பப்பெயர். ஜேர்மனியில் சிறுபான்மையாகிப்போன ஓர் இனத்துக்குப் பெரும்பான்மையினர் வைத்த பெயர் அது. போருக்குப் பின் பிள்ளைகளையும் சகோதரங்களையும் ஜேர்மனியில் வைத்திருக்கும் எமது குடும்பங்கள் ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

பெயரின் பொருள்

ஜேர்மன் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் நிலைபெற்றவை. நகரங்கள் பெருத்தன. ஒரே தெருவில் பத்து ஜொகான்கள் இருந்தார்கள். வரி வசூலிப்பவனுக்கும் பத்திரம் எழுதுபவனுக்கும் எந்த ஜொகான் என்று தெரிய வேண்டியிருந்தது. எனவே தொழிலைச் சேர்த்து எழுதினார்கள். மாவரைக்கும் ஆலைக்காரன் முல்லர் ஆனான், கொல்லன் ஷ்மிட், தையற்காரன் ஷ்னைடர், மீனவன் ஃபிஷர், நெசவாளன் வேபர். இன்றும் ஜேர்மனியில் அதிகமானோர் தாங்கும் பெயர் முல்லர்தான். தொழில் பொருந்தாத இடத்தில் தகப்பன் பெயரையோ, உடலமைப்பையோ, குடியிருந்த இடத்தையோ எழுதினார்கள். இன்னொரு வகையும் இருந்தது: எங்கிருந்து வந்தவன், எந்த இனத்தவன் என்பது. பொஹீமியாவிலிருந்து வந்தவன் போம். ஹங்கேரிக்காரன் உங்கர். போலந்துக்காரன் போல். வெண்டர் இனத்தவன் வென்ட்.

இந்தக் கடைசி வகைப் பெயர்களில் ஒரு விசேடம் உண்டு. சொந்த ஊரில் எவரும் அப்படி அழைக்கப்படுவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவரை 'யாழ்ப்பாணத்தான்' என்று எவரும் கூப்பிடுவதில்லை. மட்டக்களப்புக்கோ மலையகத்துக்கோ போனால்தான் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். வென்ட் என்ற பெயரும் அப்படித்தான். தம்மைச் சுற்றி ஜேர்மானியர் பெருகி, தாம் 'மற்றவர்' ஆன பிறகு கிடைத்த பெயர் அது.

எழுத்துக்கூட்டலில் ஒரு சிறு செய்தி. ஜேர்மன் மொழியில் இப்பெயர் 'டி' எழுத்தும் 'ரீ' எழுத்தும் சேர்ந்து முடிகிறது. ஒலிப்பது ஒரேயொரு 'ட்' தான். பழைய எழுத்தர்கள் சொல்லின் இறுதியில் வரும் வல்லொலியை இப்படி இரட்டித்து எழுதும் பழக்கம் வைத்திருந்தார்கள். ஷ்மிட், பிராண்ட், ஆர்ன்ட் போன்ற பெயர்களிலும் அதே வால் உண்டு. அத்துடன் வென்ட் என்ற பெயர் எல்லாக் குடும்பங்களிலும் இனப்பெயரிலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது. வெர்னர், வெண்டெலின் போன்ற பழைய ஆட்பெயர்களின் சுருக்கமாகவும் சில இடங்களில் அது தோன்றியிருக்கலாம் என்பது பெயராய்வாளர் கருத்து. ஆனால் இப்பெயர் செறிந்து காணப்படும் இடத்தைப் பார்த்தால் இனப்பெயர் விளக்கமே வலுவானது. மெக்லன்பேர்க், பொமரேனியா, பிராண்டன்பேர்க் என்று ஜேர்மனியின் வடக்கும் வடகிழக்குமே அதன் தாயகம். ஒரு காலத்தில் வெண்டர் வாழ்ந்த நிலமும் அதுதான்.

வெண்டர் யார்?

எல்பே ஆற்றுக்கும் ஓடர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளிலிருந்து ஸ்லாவிய மொழி பேசிய பல குலங்கள் குடியிருந்தன. அவர்கள் தம்மை வெண்டர் என்று அழைத்ததில்லை. ரோம ஆசிரியர்கள் விஸ்துலா ஆற்றுப் பக்கத்து மக்களைக் குறித்த 'வெனெதி' என்ற பழம்பெயரை ஜேர்மானியர் தமது கிழக்கு அயலவர் எல்லோருக்கும் பொதுவாக வைத்தார்கள். பின்லாந்து மொழியில் இன்றும் ரஷ்யாவின் பெயர் 'வெனாயா'. அதுவும் இதே வேரிலிருந்து வந்தது.

நாமும் இதில் சளைத்தவர்கள் அல்ல. லயனல் வென்டின் சமூகத்தை நாம் பறங்கியர் என்கிறோம். அந்தச் சொல் அரபு, பாரசீக மொழிகளில் ஐரோப்பியர் அனைவரையும் குறித்த 'ஃபரங்கி' வழியாக வந்தது. அதன் மூலம் 'ஃபிராங்க்' என்ற ஜேர்மானிய இனத்தின் பெயர். ஃபிராங்க் இன்றும் ஒரு ஜேர்மன் குடும்பப்பெயராக இருக்கிறது.

1147இல் இரண்டாவது சிலுவைப்போரின் ஒரு பகுதியாக வெண்டருக்கு எதிராகவும் படையெடுப்பு நடந்தது. எருசலேம் போகாமல் அயல் நிலத்துக்கே போன சிலுவைப்போர் அது. அடுத்த நூற்றாண்டுகளில் ஜேர்மன் குடியேற்றக்காரர் அந்த நிலங்களில் வந்து குடியேறினார்கள். அயலில் குடியேற்றம் நடந்தால் ஒரு மொழிக்கு என்ன ஆகும் என்பதைத் திருகோணமலை, மணலாறு வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 14ஆம் நூற்றாண்டிலிருந்து கிழக்கு ஜேர்மன் நகரங்களின் கைவினைஞர் சங்கங்கள் பல புதிய விதி ஒன்றைச் சேர்த்தன. சங்கத்தில் சேர விரும்புபவன் தான் ஜேர்மன் பிறப்பு, வெண்டர் பிறப்பு அல்ல என்று நிரூபிக்க வேண்டும். சப்பாத்துத் தைப்பதற்கும் பாண் சுடுவதற்கும் பிறப்பத்தாட்சி கேட்ட காலம். அப்படியான நகரத்தில் 'வென்ட்' என்று பெயர் வைத்திருப்பது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பெயர் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது கொழும்பில் வாழ்ந்த தமிழருக்குப் புதிய செய்தி அல்ல. 1983 யூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடினார்கள். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் முழுப்பெயரைப் படிக்கக்கூடத் தேவைப்படவில்லை. அடையாள அட்டையில் சிங்களத்துடன் தமிழ் எழுத்தும் இருந்தால் அதுவே போதுமானதாக இருந்தது. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டபோதும் பெயரும் ஊரும்தான் கேட்கப்பட்டன. அந்தக் காலத்தில் மட்டக்குளியில் பர்னாந்து என்ற பெயர் கொண்ட தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவர் சில சமயம் கேள்வி இல்லாமல் கடந்துபோக முடிந்தது. முன்னோருக்கு ஞானஸ்நானத்தில் கிடைத்த போர்த்துக்கேயப் பெயர் நானூறு வருடம் கழித்து ஒரு கடவுச்சீட்டுப் போல உதவியது. ஜேர்மனியில் இதன் உச்சம் 1938இல் வந்தது. யூதர் என்று பெயரிலேயே தெரியாதவர்கள் ஆண்களானால் 'இஸ்ரேல்', பெண்களானால் 'சாரா' என்ற பெயரை 1939 ஜனவரி 1 முதல் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நாஜி அரசு ஆணையிட்டது.

வெண்டருக்கு இறுதியில் என்ன நடந்தது? பெரும்பாலானோர் ஜேர்மன் மொழிக்கு மாறி, தாம் யார் என்பதையே மறந்துபோனார்கள். ஹனோவர் பக்கத்து 'வெண்ட்லாந்து' என்ற சிறு நிலப்பகுதியில் அவர்களுடைய மொழிகளில் ஒன்று 18ஆம் நூற்றாண்டு வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஸூதன் என்ற கிராமத்தில் விவசாயியும் சத்திரக்காரருமாக இருந்த ஜொகான் பாரும் ஷுல்ட்ஸே என்பவர் 1725 அளவில் ஊர்க்குறிப்பு ஒன்றை எழுதிவைத்தார். தானும் ஊரில் இன்னும் மூன்று பேரும் செத்துப்போனால், நாய்க்கு வெண்டிய மொழியில் என்ன சொல் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது என்பது அதில் உள்ள ஒரு கருத்து. மொழிநூல் படிக்காத ஒரு சத்திரக்காரர் தன் மொழியின் சொற்களைப் பட்டியலிட்டு வைத்ததால்தான் இன்றைக்கு அம்மொழியைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிகிறது. அதைப் பேசத்தெரிந்த கடைசிப் பெண்மணி 1756இல் தன் 88ஆவது வயதில் இறந்தார்.

ஒரு கிளை மட்டும் தப்பியது. சக்சனி, பிராண்டன்பேர்க் மாநிலங்களில் லவுசிட்ஸ் என்ற பகுதியில் வாழும் சோர்பியர்கள் வெண்டரின் எஞ்சிய வாரிசுகள். அவர்களின் தொகை சுமார் 60,000 என்று வழமையாகச் சொல்லப்படும். (ஜேர்மனியில் வாழும் ஈழத்தமிழர் தொகைக்கும் நெடுங்காலமாக இதே 60,000 என்ற எண்தான் சொல்லப்பட்டு வருகிறது. தற்செயல்தான்.) அவர்களுடைய தலைமை அமைப்பான டொமோவினா 1912இல் தொடங்கப்பட்டு, 1937இல் நாஜிகளால் தடைசெய்யப்பட்டது. போருக்குப் பின் 1948இல் சக்சனி சட்டசபை சோர்பிய மொழிக்கும் பண்பாட்டுக்கும் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இன்று பௌட்சன் நகரின் தெருப்பலகைகள் இரு மொழிகளிலும் இருக்கின்றன. 2008 முதல் 2017 வரை சக்சனியின் மாநில முதல்வராக இருந்த ஸ்டானிஸ்லாவ் திலிச் ஒரு சோர்பியர். அதேசமயம் நிலக்கரிச் சுரங்கங்களுக்காக அந்தப் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் இடித்து எடுக்கப்பட்டன. வீட்டுக்குப் பதில் வீடு கொடுத்தார்கள். தொடர்மாடியில் சிதறிக் குடியேறிய பிறகு பக்கத்து வீட்டுக்காரருடன் எந்த மொழியில் பேசுவது என்ற கேள்விக்கு ஜேர்மன்தான் விடையாக இருந்தது.

கொழும்புக்கு வந்த வழி

ஜேர்மன் பெயர்கள் இலங்கைக்கு ஜேர்மன் ஆட்சியால் வரவில்லை. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியால் வந்தன. 1602 முதல் 1795 வரை கம்பனியின் கப்பல்களில் ஏறி ஆசியாவுக்குப் புறப்பட்டவர்கள் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள். அவர்களில் பெருந்தொகையானோர் ஒல்லாந்தரே அல்லர். ஜேர்மானியச் சிற்றரசுகளின் ஏழைகள். கம்பனிப் படைவீரர்களை எடுத்தால் இது இன்னும் கூடுதல்.

அவர்கள் கப்பல் ஏறிய விதம் எமக்குப் பழக்கமான கதை. வேலை தேடி அம்ஸ்டர்டாமுக்கு வரும் ஏழையை விடுதிக்காரர் ஒருவர் பிடித்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துக் கடனாளியாக்குவார். கம்பனியில் ஆள் சேர்க்கும் நாளில் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைப்பார். அதற்கு ஈடாக அந்த மனிதனின் எதிர்காலச் சம்பளத்தின் மேல் கடன்பத்திரம் ஒன்று, வழமையாக 150 கில்டர் பெறுமதியில், அவருக்குக் கிடைக்கும். ஆளை அனுப்பியவன் உயிரோடு இருந்து உழைத்தால்தான் பத்திரத்துக்குப் பணம். இந்தத் தரகர்களை மக்கள் 'ஆன்மா விற்பவர்' என்று அழைத்தார்கள். ஏஜென்சிக்காரருக்குக் காசு கட்டி, காணியை ஈடுவைத்து, வேறொருவர் பெயரிலான கடவுச்சீட்டில் மொஸ்கோ வழியாகவும் கிழக்கு பேர்லின் வழியாகவும் எண்பதுகளில் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் உள்விபரங்கள் புரியும்.

இந்த ஜேர்மன் படைவீரர்களில் சிலர் எழுதி வைத்தும் இருக்கிறார்கள். நூரம்பேர்க் நகரத்து ஜொகான் யாகொப் சார் தன் பதினைந்து வருடப் படைச்சேவை பற்றி 1662இல் வெளியிட்ட நூலும், 1744இல் வெளிவந்த ஜொகான் வொல்ப்காங் ஹைட்டின் படத்தொகுப்பு நூலும் ஒல்லாந்தர் கால இலங்கையைப் படிப்பவர்களுக்கு இன்றும் மூலங்களாக இருக்கின்றன. கம்பனியின் எழுத்தர்கள் ஜேர்மன் பெயர்களை ஒல்லாந்த மொழிப்படியே பதிந்தார்கள். ஜொகான் யான் ஆனான். ஷ்மிட் ஸ்மித் ஆனான். ஆகவே இன்று ஒல்லாந்தப் பெயர் என்று நாம் நினைக்கும் சில பெயர்களுக்கு அடியில் ஜேர்மன் பெயர் புதைந்திருக்கிறது. மறுபுறம், தஞ்சாவூரிலிருந்து 1659இல் வைத்தியராக வந்தவர் எங்கள் மூதாதை என்பது ஒண்டாச்சி குடும்பத்தின் மரபு. ஒல்லாந்த எழுத்துக்கூட்டலில் அந்தப் பெயரைப் பார்ப்பவர்கள் அதற்குள் ஒரு தமிழ்ப்பெயர் ஒளிந்திருப்பதாக நினைக்கமாட்டார்கள்.

உருக்குலையாமல் நிலைத்த ஜேர்மன் பெயர்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று லொரென்ஸ். மாத்தறையில் 1829இல் பிறந்த சார்ள்ஸ் அம்புரோஸ் லொரென்ஸ் சட்டத்தரணி. சட்டநிரூபண சபையில் பறங்கியர் பிரதிநிதி. 'சிலோன் எக்சாமினர்' பத்திரிகையை 1859இல் வாங்கி நடத்தியவர். அவருடைய தந்தை ஜேர்மனியில் பிறந்து இலங்கைக்கு வந்தவர். மற்றது வென்ட். உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த ஹென்றி லொரென்ஸ் வென்ட் இரண்டு ஜேர்மன் பெயர்களையும் ஒரே பெயரில் தாங்கியவர். அவருக்கும் டி சேரம் குடும்பத்துச் சிங்களப் பெண்மணியான அமீலியாவுக்கும் 1900 டிசெம்பரில் பிறந்தவர் லயனல் வென்ட்.

லயனல் இலண்டனில் சட்டமும் பியானோவும் படித்தார். திரும்பி வந்து சட்டத்தைக் கைவிட்டார். பியானோக் கலைஞராக இருந்தவர் முப்பதுகளில் கமராவை எடுத்தார். அவருடைய புகைப்படங்களில் மீனவர், வயல் உழவர், கண்டிய நடனக்காரர், கற்சிலைகள், வெற்றுடம்புகள், நிழல்கள் எல்லாம் வருகின்றன. பசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் பின்னணியில் ஒலிப்பது அவருடைய குரல். 1943இல் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல முதலியோர் சேர்ந்து '43 குழு' என்ற நவீன ஓவியர் அமைப்பைத் தொடங்கியது அவருடைய வீட்டில்தான். அடுத்த வருடம் டிசெம்பரில் 44 வயதில் இறந்துபோனார். அவர் மணம் முடிக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் எழுந்த அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. சிங்கள, ஆங்கில நாடகங்களோடு தமிழ் நாடகங்களும் அங்கே மேடையேறியிருக்கின்றன.

இடையில் ஒரு வெள்ளவத்தைச் செய்தி. சிலி நாட்டின் கொன்சலாக 1929இல் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தைக் கடற்கரையோரம் குடியிருந்த கவிஞர் பாப்லோ நெரூடாவுக்கு இங்கே கிடைத்த நண்பர்களில் லயனல் வென்ட் ஒருவர். நெரூடா என்பது அவருடைய பிறப்புப் பெயர் அல்ல. ஜான் நெரூடா என்ற செக் எழுத்தாளரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். செக் மொழியும் ஸ்லாவிய மொழி. ஸ்லாவியப் பெயரைக் கடன்வாங்கிய சிலிக்காரரும், 'ஸ்லாவியன்' என்றே பொருள்படும் பெயர் கொண்ட கொழும்புப் பறங்கியரும் அந்தக் கடற்கரையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பறங்கியர் சமூகத்தில் குடும்பப்பெயர் வெறும் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. 1908இல் தொடங்கப்பட்ட டச்சுப் பறங்கியர் ஒன்றியத்தில் சேரத் தந்தைவழி வம்சம் காட்ட வேண்டும். அதனால் ஒன்றியத்தின் சஞ்சிகை குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை வெளியிட்டது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் பெரும்பகுதி அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. 2012 கணக்கெடுப்பில் நாட்டில் எஞ்சியிருந்த பறங்கியர் 38,000 அளவினர். இன்று கொழும்பில் வென்ட் என்று கேட்டால் முச்சக்கரவண்டிக்காரர் ஒரு கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

வேறு கடல்களிலும் இந்தப் பெயர் கரையொதுங்கியிருக்கிறது. ஜேர்மன் குடியேற்றமாக இருந்த சமோவாவில் பிறந்த அல்பேர்ட் வென்ட் பசிபிக் தீவுகளின் முதன்மையான எழுத்தாளர்களில் ஒருவர். சர்வதேச உறவுகள் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அலெக்சாண்டர் வென்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரைத் தெரிந்திருக்கும்; அவர் ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்தவர்.

கந்தையா என்ற ஜேர்மன் பெயர்

லொரென்ஸ் என்பது இலத்தீன் 'லௌரெந்தியுஸ்' என்ற ஆட்பெயரின் ஜேர்மன் வடிவம். யாரோ ஒரு தகப்பனின் பெயர், ஒரு தலைமுறையில் எழுத்தில் உறைந்து, பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் குடும்பப்பெயராகிவிட்டது. இதே காரியம் இப்போது எங்கள் பெயர்களுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

எமது வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். கந்தையாவின் மகன் சிவராசா, 'கந்தையா சிவராசா'. சிவராசாவின் மகள், 'சிவராசா மாலினி'. கந்தையா என்ற பெயர் ஒரு தலைமுறையோடு விலகிவிடும். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கந்தையா போய் உட்கார்ந்துவிடுகிறார். ஜேர்மன் அலுவலகத்தில் சிவராசாவை 'ஹெர் கந்தையா' என்று கூப்பிடுகிறார்கள். அங்கே பிறக்கும் மாலினி, 'மாலினி கந்தையா' ஆகிறாள். ஊரைத் தாண்டாத ஒரு பூட்டன் இப்படியாக ஹம் நகரிலும் டோர்ட்முண்டிலும் ஒரு ஜேர்மன் குடும்பத்தின் பெயராகிறார். வென்ட், லொரென்ஸ், முல்லர் வந்த அதே பாதைதான். ஆறு நூற்றாண்டு பிந்தி.

இதில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, அழவும் ஒன்றுமில்லை என்று சொல்லலாம், சிக்கல் வராத வரைக்கும். சிக்கல் வருகிறது. ஒரு சகோதரனுக்குத் தகப்பன் பெயர் குடும்பப்பெயராகவும், கனடாவில் உள்ள மற்றவனுக்குத் தன் சொந்தப் பெயரே குடும்பப்பெயராகவும் பதியப்பட்டிருக்கும். ஏஜென்சி கொடுத்த கடவுச்சீட்டின் பெயரிலேயே வதிவிட அனுமதி பெற்று, அந்தப் பெயரிலேயே பிள்ளைகளையும் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழை ஜேர்மன் பதிவகத்துக்காகச் சர்வதேச எழுத்துப்பெயர்ப்பு விதிப்படி மொழிபெயர்த்தால் சுந்தரத்தின் 'ச' எஸ் எழுத்தால் அல்ல, சீ எழுத்தால் எழுதப்படும். கொழும்பில் எடுத்த கடவுச்சீட்டோடு அது ஒத்துப்போகாது. உச்சரிப்பு வேறு கதை. ஜேர்மானியர் பலர் 'வி' எழுத்தை ஃப என்றும் 'ஜே' எழுத்தை ய என்றும் வாசிப்பதால், விஜயன் வகுப்பறையில் 'ஃபியாயன்' ஆகிறான். ஊரில் காணி உறுதி மாற்றவும், காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் உடன்பிறப்பு நான்தான் என்று காட்டவும் போகும்போது இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒன்றாகத் தலைதூக்கும். 'இந்த இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்' என்று சத்தியக்கடதாசி முடித்து அலையாத குடும்பங்கள் குறைவு.

ஜேர்மன் சட்டம் பெயரை இலேசில் மாற்ற விடாது. பெயர்மாற்றத்துக்கு முக்கியமான காரணம் காட்ட வேண்டும் என்று சொல்லும் சட்டம் 1938 ஜனவரியில் வந்தது. திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எமது பெயர்முறை போன்றவற்றுக்கு ஒரு வாசல் உண்டு. குடியியல் சட்டக்கோவையின் அறிமுகச் சட்டத்தில் உள்ள 47ஆம் உறுப்புரை, வேறு நாட்டுச் சட்டப்படி பெயர் பெற்று இப்போது ஜேர்மன் சட்டத்தின் கீழ் பெயர் வைத்திருப்பவர்கள், தம் பெயரில் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று பதிவகத்தில் அறிவிக்க இடம் கொடுக்கிறது. சிவராசா தன் குடும்பப்பெயர் சிவராசாவா கந்தையாவா என்று தீர்மானிக்கக்கூடிய தருணம் இதுதான். பலர் குடியுரிமை எடுக்கும் அவசரத்தில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

2025 மே 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய பெயர்ச்சட்டம் இன்னொரு விதத்தில் கவனிக்கத்தக்கது. தம்பதிகள் இருவர் பெயரையும் சேர்த்து இரட்டைப்பெயர் வைக்கலாம். சோர்பியப் பெண்கள் தம் மொழி மரபுப்படி குடும்பப்பெயரின் இறுதியில் பெண்பால் விகுதி சேர்த்துக்கொள்ளலாம். வெண்டர் என்று சங்கங்களிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்குத் தம் பெயரைத் தம் இலக்கணப்படி எழுதும் உரிமை இப்போதுதான் கிடைத்திருக்கிறது. வடகடலோரத்து ஃபிரீசியர்களுக்குக் கிடைத்தது இன்னும் வியப்பானது: தகப்பனின் அல்லது தாயின் முதற்பெயரிலிருந்து பிள்ளையின் குடும்பப்பெயரை உண்டாக்கும் அவர்களது பழைய வழக்கம் மறுபடி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நெப்போலியன் காலத்தில் 1811இல் கிழக்கு ஃபிரீசியாவில் தடைசெய்யப்பட்ட வழக்கம் அது. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும் அந்த முறை யாழ்ப்பாணத்து முறையேதான். தமிழருக்கென்று அப்படியொரு ஏற்பாடு சட்டத்தில் இல்லை. ஃபிரீசியரும் சோர்பியரும் டேனிஷ் மொழியினரும் அங்கே அங்கீகரிக்கப்பட்ட தேசிய சிறுபான்மையினர், நாம் வந்தேறியவர்கள்.

ஆகவே இப்போதைக்குக் கையில் இருப்பது 47ஆம் உறுப்புரைதான். அந்த அறிவிப்பைச் செய்பவர்கள் பதிவகம் தரும் பெயர்ச் சான்றின் பிரதியொன்றை, பழைய பிறப்புச் சான்றிதழின் எழுத்துக்கூட்டலும் புதிய பெயரும் ஒன்றாகத் தெரியும்படி, ஊரில் இருக்கும் பெற்றோரிடமோ சகோதரரிடமோ கொடுத்து வைப்பது நல்லது. காணிக் கந்தோரில் முதலில் கேட்கப்படுவது அந்தக் கடதாசிதான்.